தீனியைக் குறைத்த கை

அக்கா, முதலில் நான் கொஞ்சம் பேசிவிடுகிறேன். இந்தக் கடிதம் அம்மாவுடையது. அம்மா சொல்கிறார், நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன், சங்கடமாக இருக்கிறது என்று எதையும் விடவும் மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அம்மாவின் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது மட்டும்தான் என் வேலை. லைப்ரரிப் புத்தகமாகப் படித்துத் தள்ளுகிறாயே, பதினொன்றாம் வகுப்பில் அதற்கெல்லாம் மார்க்கா போடப் போகிறார்கள் என்று நீ கேலி செய்வாய். அந்தப் படிப்புக்கு இன்று ஒரு வேலை வந்திருக்கிறது. நடுவில் எனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்வேன். மற்றதெல்லாம் அம்மா.

கண்ணு, நேற்றுச் சாயங்காலம் போனில் நீ சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். தலை ஆடிக்கு உங்கள் இரண்டு பேரையும் அழைக்க அப்பாவும் நானும் ஞாயிற்றுக்கிழமை எடப்பாடிக்கு வருகிறோம் என்றேன். போனுக்குள் உங்கள் வீட்டுத் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வேண்டாம்மா, நான் வர்ல. அங்க வந்தா எல்லாரும் என்ற எலையவே பாப்பீங்க" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நமக்கு அது பழக்கம்தானே. நீ கெஞ்சினாய். பெற்ற வீட்டுக்கு வராமல் இருக்க என்னிடமே அனுமதி கேட்டாய். கல்யாணமாகி வருகிற முதல் ஆடி, பெண் வரவில்லையா என்று ஊர் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும், ஊருக்குச் சொல்ல என்னிடம் ஆயிரம் பதில் இருக்கிறது. என் பிள்ளை என் சமையலறைக்குப் பயப்படுகிறாள் என்பதற்கு எனக்கு நானே என்ன பதில் சொல்லிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. இரவெல்லாம் புரண்டுவிட்டு, விடியட்டும் என்றுகூடக் காத்திராமல் உன் தங்கையை எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன்.

உன் நிச்சயத்தன்று நடந்ததை நீ மறந்திருப்பாய். உன் மாமியார் உன் கையைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "புள்ள லட்சணமா இருக்குதுங்க. கொஞ்சம் பூசுனாப்பல இருக்குது, அவ்வளவுதான். எங்க பையன் ஒல்லி பாருங்க. போட்டோவுல நின்னா சோடி பொருந்தோணுமல்லங்க?" அப்பா சும்மா இருப்பாரா? "அதுக்கென்னங்க சம்பந்தி, எங்கூட்டு முட்டைய நாலு மாசம் அனுப்பி வுடறோம். மாப்பிள்ளையும் பூசிக்கட்டும்" என்றார். கூடமே சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நீதான். கையிலிருந்த லட்டை நீ கீழே வைக்கவில்லை. முழுதாகத் தின்றுவிட்டு விரலையும் நக்கினாய். அந்தப் பேச்சு உன்மேல் படவே இல்லை, சாமி. பட்டது என்மேல். வெளியே அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டு, உள்ளே வந்து உன்னை மேலும் கீழும் பார்த்தேன். கோழி ஷெட்டுக்குள் நுழைந்ததும் கூண்டைப் பார்ப்பேனே, அதே பார்வை.

நம் தொழில் உனக்குத் தெரியும். இருந்தாலும் உன் தங்கை, நாளைக்கு வேறு யாராவது படித்தாலும் புரிய வேண்டும், சொல்லுங்கள் என்கிறாள். முட்டைக் கோழிக்கு உடம்பு கூடிவிட்டால் முட்டை குறையும். அதனால் வாரம் தவறாமல் சில கோழிகளைப் பிடித்து எடை பார்ப்போம், எடைக்குத் தக்கபடி தீனியை அளந்து போடுவோம். முன்பெல்லாம் இன்னொன்றும் செய்வோம். வயதாகி முட்டை குறைந்துபோன கோழிகளுக்குச் சில நாள் தீனியையே நிறுத்திவிடுவோம். இறகெல்லாம் கொட்டும், எடை இறங்கும், கோழி சுருண்டு உட்காரும். அதன்பிறகு தீனியைத் திரும்பப் போட்டால் புது இறகு முளைத்து மறுபடியும் முட்டை வைக்க ஆரம்பிக்கும். பாவம், அப்படிச் செய்யக் கூடாது என்று கால்நடை டாக்டர் சொல்லிச் சொல்லி, நாமும் அதை விட்டுப் பல வருஷமாகிறது. ஆனால் பட்டினி போட்டால் உடம்பு சொன்னபடி கேட்கும் என்பது என் கைக்குள் தங்கிவிட்டது. கோழிக்கு வேண்டாம் என்று விட்டதை நான் உனக்குச் செய்தேன்.

தீனி அறையில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் உன்னை ஏறச் சொன்னேன். "ஏம்மா, நானென்ன தவுட்டு மூட்டையா?" என்று சிரித்தாய். "ஏறு அம்மிணி, சும்மா பாக்கலாம்" என்றேன். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு இன்னும் நாளிருக்குது. ராத்திரிச் சோத்த நிறுத்திப்போடு. காலைல முட்டை வெள்ளக்கரு மட்டும் தின்னு. எடை தன்னால எறங்கும். தாலி ஏறுன பொறவு உன்னய எவ கேக்கப்போறா? அப்ப ஆசைதீரத் தின்னுக்க" என்றேன். நீ சிறுவயதிலிருந்தே சொன்ன வேலையை முழுதாகச் செய்கிற பிள்ளை. பாதியில் விடத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் நீயே போய்த் தராசில் ஏறி நிற்பாய். முள் இறங்க இறங்க நான் உன் கன்னத்தைக் கிள்ளிப் பாராட்டினேன். பரீட்சையில் நீ முதலாவதாக வந்தபோதுகூட உன்னை அப்படிப் பாராட்டியதாக நினைவில்லை.

(இது நான், தங்கை. வெள்ளைக்கருவை எடுத்த பிறகு மிஞ்சிய மஞ்சள் கருவையெல்லாம் தின்றது நான்தான். அக்கா, நீ என் தட்டையே பார்த்துக்கொண்டு இருப்பாய். ஒருநாள் ஒரு துண்டை உன் வாயருகே கொண்டுபோனேன். அம்மா என்னை முறைத்தார், நான் கையை எடுத்துக்கொண்டேன். அப்படி ஒன்று நடந்ததாகவே தனக்கு நினைவில்லை என்று அம்மா இப்போது சொல்கிறார். எனக்கு நினைவிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.)

எழுதட்டும். உள்ளதைத்தானே எழுதுகிறாள். கல்யாணத்துக்கு முன்பு உனக்குத் தலை சீவிவிடும்போது சீப்போடு கொத்தாக முடி வந்தது. நான் அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, தண்ணீர் சரியில்லை என்றேன். பட்டினி கிடக்கிற கோழிக்கு இறகு கொட்டுவதை வருஷக்கணக்காகப் பார்த்த கண், கண்ணு, இது. அதற்குத் தெரியாமல் போயிற்று என்று யாரிடம் சொல்ல முடியும்? கல்யாணப் பந்தியில் போட்டோக்காரர் சொல்ல, மாப்பிள்ளை உனக்கு ஒரு வாய் ஊட்டினார். நீ அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கைக்குட்டையில் துப்பினாய். நான் பார்த்தேன். அப்போது எனக்குப் பதறவில்லை. ரவிக்கை பிதுங்காமல் நிற்கிறது, சிலை மாதிரி இருக்கிறாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்ற பெருமையில் பந்தியில் வேறு பக்கம் நகர்ந்துவிட்டேன்.

பிறகு நான் சொன்ன நாள் வந்தது. தாலி ஏறியாயிற்று, இனி ஆசைதீரத் தின்னலாம். அரிசிம்பருப்புச் சோறு, நெய், கொள்ளுக் கடைசல், சேலம் போனால் தட்டுவடை செட்டு என்று எடப்பாடிக்கு வாரந்தோறும் கட்டி அனுப்பினேன். நிறுத்தின தீனியைத் திரும்பப் போட்டால் கோழி ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வந்து தின்னும். நீ தின்னவில்லை. உன் மாமியாரே பயந்துபோய், "நான் போட்டோவுக்காகச் சொன்ன வார்த்தைங்க அது. இப்படி ஆவும்னு கண்டனா?" என்று என்னிடம் அழுதார். அவர் வாய்தவறிச் சொன்னார். அதைத் தராசில் ஏற்றியது நான். ஒருநாள் காலையில் மாப்பிள்ளை போன் செய்து, "அத்தை, பயப்படாதீங்க. தண்ணி வாக்க பாத்ரூமுக்குப் போனவ அங்கயே வுளுந்துட்டா. சேலம் அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றார்.

நீ கையில் குளுக்கோஸ் ஏறப் படுத்திருந்தாய். நான் டிபன் கேரியரோடு மூலையில் நின்றேன். அந்த டாக்டரம்மா உன்னிடம் அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்: "பசிக்குதாம்மா?" நீ கேள்விக்குச் சரியான விடை தேடுகிற மாதிரி யோசித்தாய். பிறகு, "தெரியலீங்க டாக்டர். பசின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுங்க" என்றாய்.

(அம்மா அழுகிறார். இதை எழுதாதே என்கிறார். எழுதிவிட்டேன்.)

அதற்கப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை. நான்தானே நிறுத்தினேன், நானே ஊட்டி எழுப்பிவிடுவேன் என்று நினைத்தேன். உன் கட்டிலருகே உட்கார்ந்து, ஒரு வாய், இன்னும் ஒரு வாய், எனக்காக ஒரு வாய் என்று உயிரை எடுத்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். டாக்டரம்மா என்னை வெளியே வரச் சொன்னார். "அம்மா, கொஞ்ச நாளைக்கு அவ தட்டப் பாக்காதீங்க" என்றார். "பொறவு எங்கீங்க பாக்கறது?" என்று கேட்டேன். எனக்குக் கோபம். "உங்க தட்டப் பாருங்க" என்றார். உனக்குப் புதிதாக ஒரு டயட் எழுதிக் கொடுப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் அப்படி ஒன்றும் தரவில்லை. எடை மெஷின் பக்கமே நீ போக வேண்டாம், எடையை ஆஸ்பத்திரியில் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பசி வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது, இப்போதைக்கு வேளைக்கு வேளை கொஞ்சம் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார். சாப்பிடும்போது டிவியும் போனும் வேண்டாம், சோற்றைப் பார்த்து, மோந்து, மென்று, அது நாக்கில் என்ன செய்கிறது என்று கவனித்துச் சாப்பிட வேண்டும் என்றார். "பசிக்குதுன்னு சொல்றதும் வயிறுதான், போதும்னு சொல்றதும் வயிறுதான். அது பேச மறந்து கிடக்குது. அடிக்காம, மிரட்டாம, பழக்கினா திரும்பப் பேசும். நாளாகும்" என்றார்.

என் தட்டைப் பார்க்கச் சொன்னாரே, வீட்டுக்கு வந்து பார்த்தேன். எனக்குத் தட்டே இல்லை, கண்ணு. இத்தனை வருஷமும் நான் சட்டியிலிருந்து நின்றபடியே அள்ளித் தின்றிருக்கிறேன். ஒரு கையில் போன், அதில் அன்றைய முட்டை விலை. நீங்கள் மிச்சம் வைத்ததை எல்லாம் வழித்துத் தின்றிருக்கிறேன். சமையல் மேடை சுத்தமாக வேண்டும் என்பதற்காகத் தின்றிருக்கிறேன். பசித்ததா என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. மறுநாள் ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டு, கீழே உட்கார்ந்தேன். அப்பா உள்ளே வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "ஏம்புள்ள, சாமிக்குப் படையல் போட்டாப்பல உக்காந்திருக்கற?" "சோறு உங்கறனுங்க." "அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்கற?" என்று கேட்டுவிட்டுப் பயந்த மாதிரி போய்விட்டார். அன்றைக்கு எப்போது தின்று முடித்தேன் என்றே தெரியவில்லை. தட்டு காலி, அவ்வளவுதான். அடுத்த நாளும் உட்கார்ந்தேன். பச்சைப்பயறு கடைசலை நாக்கில் வைத்து மெதுவாக மென்றேன். உப்புக் கரித்தது. "ஏனுங்க, இத்தன வருசமா நான் உப்பு இம்புட்டா போடறேன்?" என்று கத்தினேன். "கண்ணாலம் ஆன நாள்ல இருந்து" என்று வெளியிலிருந்து பதில் வந்தது. நான் சிரித்தேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

விடாமல் செய்தேன். ஒருநாள், தட்டில் இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே வயிறு போதும் என்றது. குரல் எல்லாம் இல்லை. கை தானாக மெதுவானது, சோற்றின் ருசி மங்கிற்று, அவ்வளவுதான். வீணாகிறதே என்று மிச்சத்தை வாயில் போடக் கை போயிற்று. அப்போதுதான் உன் முகம் வந்தது, நீ பால் பல் முளைத்த குழந்தையாக இருந்த முகம். போதும் என்றால் நீ தலையை ஒரு பக்கமாகத் திருப்புவாய். எவ்வளவு தெளிவாகத் திருப்புவாய்! நான் உன் தாடையைப் பிடித்துத் திருப்பி இன்னும் ஒரு வாய் திணிப்பேன். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று பார்க்கிறவர்கள் சொல்ல வேண்டும், அதற்காக. போதும் என்று சொல்ல உனக்குப் பிறக்கும்போதே தெரிந்திருந்தது. பசிக்கிறது என்றும் நீதான் அழுது சொன்னாய். முதலில் தாடையைப் பிடித்து உன் போதும் என்பதைக் கெடுத்தேன், பிறகு தராசில் ஏற்றி உன் பசியைக் கெடுத்தேன். இரண்டு முறையும் யாரோ சொல்லப் போகிற ஒரு வார்த்தைக்காக. அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அதனால் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் அம்மாவாயிற்றே, சும்மா இருக்க வரவில்லை. கண்ணு, இன்னொரு டயட்டைத் தொடங்காதே. அதை யார் சொன்னாலும், போனில் வந்தாலும், ஒருநாள் நானே புத்தி மாறிச் சொன்னாலும் தொடங்காதே. இதைத் தின்றால் பாவம், இதைத் தின்றால் புண்ணியம் என்று சோற்றைப் பிரிக்காதே. நேற்று ஒரு வாய் கூடிவிட்டது என்று இன்று பட்டினி கிடக்காதே. டாக்டரம்மா சொன்ன வேளைக்கு, பசி தெரியாவிட்டாலும், கொஞ்சமாக எடுத்துக்கொள். உட்கார்ந்து சாப்பிடு. சூடு இருக்கிறதா, புளி தெரிகிறதா, நெய் மணக்கிறதா என்று மட்டும் பார். அந்த வாய்க்குள் உன் எடையையும் ரவிக்கையையும் என்னையும் கொண்டுவராதே. மூன்று வாய்தான் முடிந்தது என்றால் அந்த மூன்று வாயும் உன்னுடையது. என்றைக்காவது ஒருநாள், நடுப்பகலிலோ எப்போதோ, வயிற்றில் லேசாக ஏதோ கிள்ளும். பயப்படாதே. அது உன்னைத் தேடி வருகிறது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது தலையைத் திருப்பினால், கிண்ணத்தைக் கீழே வைத்துவிடு.

இதை நீ படித்த பிறகு, நீ சரி என்றால் மட்டும், பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று உன் தங்கை கேட்கிறாள். நிச்சயம் ஆன பெண்ணைத் தராசில் ஏற்றுகிற அம்மாக்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்கிறாள். பெயர் ஒன்றும் போடாதே என்றேன். நீ வேண்டாம் என்றால் கிழித்துவிடு.

இனி ஆடிப் பேச்சுக்கு வருகிறேன். ஆடி முதல் தேதியன்று தெருவெல்லாம் தேங்காய் சுடுவார்கள், உனக்கே தெரியும். எள்ளும் வெல்லமும் பாசிப்பருப்பும் அவலும் திணித்துக் குச்சியில் குத்தித் தயாராக வைக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வந்து நெருப்பருகே நில்லுங்கள். சுட்டுப் பார்த்துவிட்டு, யாருக்காவது கொடுத்துவிடு. தின்ன வேண்டாம். இந்த ஆடிக்கு விருந்தாளி யாரையும் கூப்பிடவில்லை என்று அப்பா பங்காளி வீடுகளுக்குச் சொல்லிவிட்டார். இலை போட மாட்டேன். சோறும் குழம்பும் மேடையில் இருக்கும், வேண்டியவர்கள் வேண்டியதைப் போட்டுக்கொள்ளட்டும். உனக்குத் தனியாகச் சாப்பிட வேண்டுமா, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொள். ஒன்றுமே முடியவில்லையா, சும்மா என் பக்கத்தில் உட்கார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் பக்கம் திரும்ப மாட்டேன். என்னால் முடியும், பழகியிருக்கிறேன்.

வரவில்லை என்றாலும் சரி என்று சொல்லத்தான் நினைத்தேன்.

(இங்கே நான் பேனாவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன்.)

சொல்ல வரவில்லை, சாமி. ஆனால் நீ வராவிட்டால் உன்னைத் திட்ட மாட்டேன், கேட்கிறவர்களிடம் உன்மேல் பழி வராமல் பார்த்துக்கொள்வேன். போன மாதம் உன்னைப் பார்த்தபோது கல்யாண வளையல் உன் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏறி இறங்கிற்று. அதைக் கண்டதிலிருந்து எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அதை வாயால் சொல்ல மாட்டேன். இன்று காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வாய் துடிக்கிறது. அதையும் கேட்க மாட்டேன்.

(அம்மா இவ்வளவுதான் என்று எழுந்துவிட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு ஷெட்டுப் பக்கம் நடந்தார். கடைசி வரியாக என்ன போடட்டும் என்று பின்னாலிருந்து கத்திக் கேட்டேன். "வரச் சொல்லு. வேற ஒண்ணும் போடாத" என்றார், திரும்பிப் பார்க்காமலே. வா அக்கா. வெளியே நன்றாக விடிந்துவிட்டது. ஷெட்டில் அப்பா லைட்டையெல்லாம் அணைத்துவிட்டார்.)